து, வூ, நீர்

மத்தியூ கசோவிட்ஸ் இயக்கி 1995இல் வெளிவந்த ‘லா ஹேன்’, அதாவது ‘வெறுப்பு’, என்ற திரைப்படத்தில், பலருடைய நினைவில் தங்காத ஒரு சிறு காட்சி இருக்கிறது. புறநகர்த் தொடர்மாடியில் வளர்ந்த சயித் என்ற இளைஞன், பாரிஸ் நகருக்குள் வந்து ஒரு முகவரியைத் தேடி அலைந்து, கடைசியில் ஒரு காவலரிடமே வழி கேட்கிறான். காவலர் நிதானமாக வழி சொல்லி அனுப்புகிறார். திரும்பி வரும் சயிதுக்கு, வழி தெரிந்ததைவிட வேறொன்றுதான் பெரிய வியப்பாக இருக்கிறது. இங்கே காவலர்கள் எவ்வளவு மரியாதையானவர்கள், என்னை ‘வூ’ என்று சொன்னார், ‘முஸ்யூ’, அதாவது ஐயா, என்றும் சொன்னார் என்று நண்பர்களிடம் சொல்லி மாய்கிறான். நான் முதன்முதலாக அந்தப் படத்தைப் பார்த்தபோது கூட இருந்தவர்கள் அந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிரெஞ்சு மொழியில் முன்னிலைக்கு இரண்டு சொற்கள் உண்டு. நெருக்கத்துக்கும் சிறியவர்களுக்கும் ‘து’. மரியாதைக்கும் அறிமுகமில்லாதவர்களுக்கும் ‘வூ’. யாழ்ப்பாணத்துத் தமிழில் வளர்ந்தவனுக்கு இது புதினமான செய்தியல்ல. எங்களிடம் ‘நீ’, ‘நீங்கள்’ ஆகிய இரண்டுக்கும் நடுவே ‘நீர்’ என்று இன்னொன்றும் இருந்தது. ஆசிரியர் மாணவனை விளிக்கவும், கணவன் மனைவியை விளிக்கவும், கோபமும் மரியாதையும் சேர்ந்து வரும் நேரத்தில் அம்மா என்னை விளிக்கவும் அது பயன்பட்டது. ஆகவே, ஒருவன் இன்னொருவனை எந்தச் சொல்லால் அழைக்கிறான் என்பதிலிருந்தே அவனைப் பற்றி என்ன நினைக்கிறான் என்பதை அறிந்துகொள்ளும் காது, நான் பிரான்சுக்கு வந்து இறங்கியபோதே என்னிடம் இருந்தது. மொழி வரச் சில மாதங்கள் பிடித்தன. அவமதிப்பு முதல் நாளே விளங்கியது.

எனக்கு 13 வயதாக இருந்தபோது, ஒரு அரச அலுவலகத்தில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் அம்மாவும் நின்றோம். அந்தப் பக்கம் இருந்த பெண் கோப்பைப் புரட்டிக்கொண்டே, ஒரு கடதாசி குறைகிறது, அது இல்லாமல் நீ ஏன் வந்தாய் என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டார். அவர் சொன்னது ‘து’. அம்மாவுக்கு அப்போது 40 வயது கடந்திருந்தது. “என்னவாம்?” என்று அம்மா கேட்டார். “நீங்கள் பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பையும் கொண்டு வரவேணுமாம்” என்றேன். அந்த ‘நீங்கள்’ நானாகப் போட்டது. புலம்பெயர்ந்த வீடுகளில் பிள்ளைகள் பெற்றோருக்கு மொழிபெயர்ப்பாளர்களாக இருப்பதைப் பற்றி எவ்வளவோ எழுதப்பட்டுவிட்டது. ஆனால் மொழிபெயர்க்கும் பிள்ளை எதை மாற்றிச் சொல்கிறது, எதை விழுங்கிவிடுகிறது என்பது அவ்வளவாக எழுதப்படவில்லை.

பிரெஞ்சுப் புறநகர் இளைஞர்களைப் பற்றிய படங்கள் என்றதும் எரியும் வண்டிகளும் துப்பாக்கியும் முகமூடியும் நினைவுக்கு வருகின்றன. கால் நூற்றாண்டுக்கும் மேலாக இந்தப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து வந்ததில், வர்க்கமும் இனமும் அவற்றில் உண்மையாகத் தென்படும் இடம் நெருப்பு அல்ல என்ற எண்ணம் எனக்கு உறுதியாகியிருக்கிறது. யார் யாரை எப்படி விளிக்கிறார்கள், யாருடைய பேச்சு பேச்சாகக் கணக்கில் எடுக்கப்படுகிறது, ஒரு பிள்ளை ஒரு நாளில் எத்தனை மொழிகளுக்குள் நுழைந்து வெளியேறுகிறது என்பவற்றில்தான் அவை இருக்கின்றன. நெருப்பைக் காட்டுவது எளிது. இதைக் காட்டுவதற்குப் பொறுமை வேண்டும்.

‘லா ஹேன்’ இரண்டையும் செய்த படம். 1993 ஏப்ரலில், பாரிசின் 18ஆம் வட்டாரத்துக் காவல் நிலையமொன்றில், சயீர் (இன்றைய கொங்கோ ஜனநாயகக் குடியரசு) நாட்டைச் சேர்ந்த மகோமே ம்போவோலே என்ற 17 வயதுப் பையன் விசாரணையின்போது சுட்டுக் கொல்லப்பட்டான். நாங்கள் மரக்கறி வாங்கப் போகும் லாச்சப்பலுக்கு அந்த வட்டாரம் அயல். அந்தச் சாவிலிருந்து பிறந்த கதையை, பாரிசுக்கு வடமேற்கே ஷாந்தலூ-லே-வீஞ் என்ற ஊரின் தொடர்மாடிகளில், கறுப்பு வெள்ளையில் எடுத்தார்கள். யூதப் பையன் வின்ஸ், கறுப்பினப் பையன் ஹூபேர், அரபுப் பையன் சயித் ஆகிய மூவரும் ஒரு பகலும் ஓர் இரவும் சுற்றுவதுதான் படம். முந்தைய இரவின் கலவரத்தில் ஒரு காவலர் தொலைத்த கைத்துப்பாக்கி வின்ஸிடம் இருக்கிறது.

அதில் ஒரு காட்சி. மூவரும் ஒரு தாழ்வான திடலில் வெறுமனே உட்கார்ந்திருக்க, மேலே தெருவில் ஒரு தொலைக்காட்சி வண்டி வந்து நிற்கிறது. வண்டியை விட்டு இறங்காமலேயே ஒரு பெண், நேற்றைய கலவரத்தில் நீங்கள் இருந்தீர்களா, எதையாவது எரித்தீர்களா என்று கேட்கிறார். ஏன் இறங்கிவரவில்லை, இது துவாரி அல்ல என்கிறான் ஹூபேர். பிறகு துவாரி என்றால் என்ன என்று நண்பன் கேட்கும்போதுதான், அது வண்டியில் இருந்தபடியே மிருகங்களைப் பார்க்கும் பூங்கா என்று தெரிகிறது. அந்தச் செய்தியாளர் பேச்சில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ‘வூ’ என்ற சொல்லை வைத்துக்கொண்டே ஒருவனைக் கூண்டுக்குள் நிறுத்த முடியும்.

இதன் பின்னணியில் பிரெஞ்சு அரசின் ஒரு விசித்திரமான வழக்கமும் இருக்கிறது. குடியரசு தன் குடிமக்களில் நிறமோ இனமோ பார்ப்பதில்லை என்பது கொள்கை. ஆகவே இங்குள்ள மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இனம் என்ற கேள்வியே கிடையாது. பெற்றோர் எங்கே பிறந்தார்கள் என்று ஆய்வாளர்கள் கேட்பார்கள். நீ கறுப்பனா, அரபியா என்று படிவம் கேட்காது. ஆனால் தொடருந்து நிலையத்தில் அடையாள அட்டை கேட்கும் காவலருக்கு அந்தப் படிவம் தேவையில்லை. காகிதத்தில் பதியப்படாத ஒன்றைப் பதியும் வேலை திரைப்படத்தின் தலையில் வந்து விழுந்தது. ‘லா ஹேன்’ மூன்று இனத்து நண்பர்களை முன்னே நிறுத்தி மூன்று ஆண்டுகள் கழித்து, 1998இல் உலகக் கோப்பையை வென்ற உதைபந்தாட்ட அணியைக் ‘கறுப்பு, வெள்ளை, அரபு’ என்று நாடே கொண்டாடியது. கொண்டாட்டம் முடிந்த பிறகும் காவலர் அட்டை கேட்பது நிற்கவில்லை. பொதுமக்களை ‘வூ’ என்றே விளிக்க வேண்டும் என்று காவல் துறையின் நடத்தை விதித்தொகுப்பில், 2014 ஜனவரி முதல் நடைமுறைக்கு வரும்படி எழுதிவைத்தார்கள். எழுதிவைக்க வேண்டியிருந்தது என்பதே ஒரு சாட்சியம். 2023 ஜூனில் நாந்தேரில் நாஹெல் என்ற பையன் காவலரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தபோது அவனுக்கும் வயது 17.

ஆயினும் ‘லா ஹேன்’ மீது எனக்கு ஒரு மனக்குறை உண்டு. துப்பாக்கி கதைக்குள் வந்துவிட்டால் அது வெடித்தாக வேண்டும். வெடிப்பதற்காகக் காத்திருப்பவர்கள் மற்ற எதையும் கவனிக்க மாட்டார்கள். அதோடு அந்தப் படத்தில் பெண்கள் அநேகமாக இல்லை. ஒரு தங்கை, ஒரு பாட்டி, ஒரு தாய், வாசலில் நின்று நாலு வார்த்தை பேசுகிறார்கள், அவ்வளவுதான். நான் வளர்ந்த கட்டடத்தில் மின்தூக்கி பழுதானால் ஆறு மாடிக்கும் தண்ணீர்ப் போத்தல்களைச் சுமந்தவர்கள் பெண்பிள்ளைகள். அவர்களுக்கு வெறுப்புக்கு நேரமிருக்கவில்லை.

2004இல் திரையரங்குகளுக்கு வந்த ‘லெஸ்கீவ்’, அதாவது ‘நழுவல்’, துப்பாக்கியை வெளியே விட்டுவிட்டு வந்த படம். துனிசியாவில் பிறந்து பிரான்சில் வளர்ந்த அப்தெலத்திஃப் கெஷிஷ், அநேகமாக நடிப்பறியாத பிள்ளைகளை வைத்து, சேன்-சேன்-தெனி மாவட்டத்தின் ஃப்ராங்-முவாசேன் தொடர்மாடிகளில் அதை எடுத்தார். கதை என்று பார்த்தால் மிகச் சிறியது. ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், 1730இல் அரங்கேறிய மரிவோவின் நாடகமொன்றை ஆண்டிறுதிக்காகப் பயில்கிறார்கள். எசமானி பணிப்பெண் வேடத்திலும் பணிப்பெண் எசமானி வேடத்திலும் வரும் நாடகம் அது. கிரிமோ என்ற அதிகம் பேசாத பையனுக்கு, அதில் நடிக்கும் லிதியா மீது காதல். நேரே சொல்ல நா எழாததால், அவளுக்கு எதிரே நடிக்கும் ஆர்லகேன் பாத்திரத்தை, அதில் நடித்துக்கொண்டிருந்த பையனுக்குத் தன் சாமான்களைக் கொடுத்து வாங்கிக்கொள்கிறான்.

இந்தப் படத்தில் பிள்ளைகள் ஓயாமல் பேசுகிறார்கள். சண்டை பிடிக்கிறார்கள், அல்லாவின் மீதும் குர்ஆன் மீதும் தாயின் தலை மீதும் சத்தியம் செய்கிறார்கள், ஒரே வசவை நூறு முறை சொல்கிறார்கள். அந்தப் பேச்சின் பெரும்பகுதி வெர்லான் எனப்படும் புரட்டுமொழி. சொல்லின் அசைகளைத் தலைகீழாக மாற்றிப் போடுவது அதன் இலக்கணம். பெண்ணைக் குறிக்கும் ‘ஃபாம்’ ‘மேஃப்’ ஆகும். காவலரைக் குறிக்கும் ‘ஃப்லிக்’ ‘கேஃப்’ ஆகும். ‘அராப்’ ‘பேர்’ ஆகி, அச்சொல் அகராதிக்குள் போய்ப் பெரியவர்கள் வாய்க்கும் வந்துவிட்டதும், பிள்ளைகள் அதை இன்னொரு தடவை புரட்டி ‘ரபே’ ஆக்கிக்கொண்டார்கள். ஒளிந்து விளையாடும் பிள்ளை, ஒளிந்த இடம் தெரிந்துவிட்டால் இடம் மாறுவதைப் போலத்தான். அந்த மொழியிலிருந்து ஒரே மூச்சில், ஒரு விசிறியை விரித்து மூடும் நேரத்துக்குள், லிதியா 18ஆம் நூற்றாண்டின் ‘வூ’ நிறைந்த வாக்கியங்களுக்குத் தாவுகிறாள். அவள் பொன்னிறக் கூந்தல் கொண்ட வெள்ளைக்காரப் பெண். அவளுடைய வசவுகளும் சத்தியங்களும், கூட இருக்கும் அரபு, கறுப்புப் பிள்ளைகளின் வசவுகளும் சத்தியங்களும் ஒன்றுதான். நாவை உருவாக்குவது நிறமல்ல, வசிக்கும் தொடர்மாடி என்பதை, ஒரு விளக்கவுரையும் இல்லாமல் இந்த ஒரு பெண்ணைக் கொண்டே காட்டிவிடுகிறார் கெஷிஷ்.

விளக்கவுரை ஆசிரியையின் வாயில் வருகிறது. மரிவோவின் நாடகத்தில் பணக்காரர் ஏழை வேடம் போட்டாலும், ஏழை பணக்கார வேடம் போட்டாலும், கடைசியில் பணக்காரருக்குப் பணக்காரர் மீதும் ஏழைக்கு ஏழை மீதும்தான் காதல் வருகிறது. உடையை மாற்றலாம், பிறந்த நிலைமையிலிருந்து தப்ப முடியாது என்று அவர் வகுப்புக்குச் சொல்கிறார். அதே ஆசிரியை, சிறிது நேரம் கழித்து, கிரிமோவைப் பார்த்து உன்னைவிட்டு வெளியே வா, வேறொருவனாக மாறு, அதில் மகிழ்ச்சி கொள் என்று திரும்பத் திரும்பக் கத்துகிறார். அவனால் முடியவில்லை. தோளைக் குறுக்கி, தாளைப் பார்த்து, சொற்களை ஒவ்வொன்றாகக் கீழே போடுகிறான். அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் என் உள்ளங்கை வியர்க்கும். அவர் நல்ல ஆசிரியை, பிள்ளைகளை நேசிப்பவர். தப்ப முடியாது என்று முதலில் கற்பித்துவிட்டு, ஏன் தப்பவில்லை என்று பிறகு கேட்கிறோம் என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

படத்தின் பிற்பகுதியில் காவலர்கள் பிள்ளைகளை ஒரு வண்டியின் மீது அழுத்திச் சோதிக்கிறார்கள். மரிவோவின் நூலும் அந்தச் சோதனைக்குத் தப்புவதில்லை. கடைசியில் நாடகம் அரங்கேறுகிறது. கிரிமோ வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போகிறான். 2005 பெப்ரவரியில் அந்தச் சிறு செலவுப் படத்துக்குச் சிறந்த படம், இயக்கம், திரைக்கதை, புதுமுக நடிகை என, பிரெஞ்சுத் திரையுலகின் நான்கு சேசார் விருதுகள் கிடைத்தன. அதே ஆண்டு ஒக்டோபரில், கிளிஷி-சூ-புவாவில் காவலரைக் கண்டு ஓடி மின்னிலையத்துக்குள் ஒளிந்த இரண்டு பிள்ளைகள் மின்சாரம் தாக்கி இறந்தார்கள். மூன்று வாரங்களுக்கு நாடெங்கும் வண்டிகள் எரிந்தன. அந்த வாரங்களில் தொலைக்காட்சி காட்டியது எல்லாம் நெருப்பு. எட்டு மாதங்களுக்கு முன் மேடையில் பாராட்டப்பட்ட அந்தப் பிள்ளைகளின் பேச்சு யாருக்கும் நினைவிருந்ததாகத் தெரியவில்லை.

லோரோன் காந்தேயின் ‘ஆந்த்ர் லே முயூர்’ 2008இல் கான் திரைப்பட விழாவில் அதன் உயரிய விருதான தங்கப் பனையை வென்றது. 1987க்குப் பிறகு அதை வென்ற முதல் பிரெஞ்சுப் படம். ‘சுவர்களுக்கு நடுவே’ என்பது பெயரின் பொருள்; அதன்படியே கமரா அநேகமாகப் பள்ளிக்கூடச் சுவர்களைத் தாண்டுவதில்லை. முன்னாள் ஆசிரியரான ஃபிரான்சுவா பேகோதோ, தான் எழுதிய நூலின் ஆசிரியர் பாத்திரத்தில் தானே நடித்தார். பிள்ளைகள் பாரிஸ் 20ஆம் வட்டாரத்துப் பள்ளியொன்றின் உண்மையான மாணவர்கள்.

கரும்பலகையில் இலக்கணத்துக்காக ஆசிரியர் ஒரு வாக்கியம் எழுதுகிறார். எழுவாய், பில். இரண்டு பெண்கள் விடவில்லை. எப்போதும் ஏன் இந்த வெள்ளைக்காரப் பெயர்களையே எழுதுகிறீர்கள், வேறு பெயர்கள் உலகத்தில் இல்லையா என்று கேட்கிறார்கள். வகுப்பு சிரிக்கிறது, ஆசிரியரும் சிரிக்கிறார், பெயர் மாறுகிறது. நான் படித்த காலத்தில் அப்படிக் கேட்கலாம் என்பதே எங்களுக்குத் தோன்றவில்லை. என் பெயரை ஆண்டு முழுவதும் முதல் இரண்டு அசைகளோடு நிறுத்திக்கொண்ட ஓர் ஆசிரியர் இருந்தார். அந்த அரைப்பெயருக்கே நான் நான்கு ஆண்டுகள் ‘பிரசன்’ சொன்னேன்.

சூலேமான் என்ற மாலி நாட்டுப் பின்னணிப் பையன்தான் அந்தப் படத்தின் காயம். தன்னைப் பற்றி எழுதச் சொன்னால் எழுத மறுக்கிறவன், கைப்பேசியில் எடுத்த வீட்டுப் படங்களுக்குக் கீழே ஒவ்வொரு வரி எழுதிக் கொண்டுவர, ஆசிரியர் அதைச் சுவரில் ஒட்டிப் பாராட்டுகிறார். அந்த ஒரு நாள் அவன் முகம் வேறு. பிறகு ஒரு நாள், ஆசிரியர் கோபத்தில் இரண்டு மாணவிகளைப் பற்றித் தகாத சொல் ஒன்றைச் சொல்லிவிட, வகுப்பு கொந்தளிக்கிறது. சூலேமான் ஆசிரியரை ‘து’ என்று விளித்துப் பேசி, வெளியே பாயும் வேகத்தில் அவனுடைய பை ஒரு மாணவியின் முகத்தில் பட்டு இரத்தம் வருகிறது. அவன்மீது ஒழுங்கு விசாரணை வருகிறது. ஆசிரியர் எழுதும் அறிக்கையில் மாணவன் செய்தது எல்லாம் இருக்கிறது; தான் சொன்ன சொல் முதலில் இல்லை. ஆசிரியர் மாணவர்களை நாள் முழுவதும் ‘து’ என்பது கல்வி. மாணவன் ஒரு தடவை ‘து’ என்றால் அது குற்றம். நான் மரியாதைக்கு எதிரானவன் அல்லன். மரியாதை ஒரு பக்கமாக மட்டும் ஓடும் குழாய் என்றால், எந்தப் பக்கம் தாழ்வு என்பதைப் பிள்ளைகள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றுதான் சொல்கிறேன்.

பெண்பிள்ளைகளுக்கான இடத்தைச் செலீன் சியாமாவின் ‘பாந்த் து ஃபீய்’ 2014இல் கொடுத்தது. விளையாட்டு முடிந்து இரவில் ஒரு கூட்டமாக, ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டி, கலகலத்துக்கொண்டு வரும் கறுப்பினப் பெண்கள், பையன்கள் குந்தியிருக்கும் கட்டட வாசல்களை நெருங்க நெருங்க அடங்கிப்போகிறார்கள். யாரும் அவர்களை அடக்கவில்லை, தாங்களே அடங்குகிறார்கள். வர்க்கத்துக்கும் அப்படியொரு காட்சி வைத்திருக்கிறார் சியாமா. கொலேஜ் எனப்படும் இடைநிலைப் பள்ளியின் முடிவில் பொதுக் கல்விக்கா, தொழிற்கல்விக்கா என்று பிள்ளைகளைப் பிரிப்பார்கள். மரியேமின் புள்ளிகள் போதாது, தொழிற்கல்விக்குப் போ என்று ஒரு குரல் சொல்கிறது. குரலுக்குரியவரைக் காட்டாமல் மரியேமின் முகத்திலேயே கமரா நிற்கிறது. எனக்கு மற்றவர்களைப் போல இருக்க வேண்டும், சாதாரணமாக இருக்க வேண்டும் என்கிறாள் அவள். வெள்ளை இயக்குநர் கறுப்பினப் பெண்களின் கதையை எடுக்கலாமா என்று அப்போது வாதம் நடந்தது. வாதத்தில் நியாயம் இருந்தது. ஆனாலும் அந்தக் குரல் அப்படித்தான் பேசும். என் தங்கைக்கும் அப்படித்தான் பேசியது.

எங்களவர்கள் கேட்கக்கூடும், ஈழத்து அகதிகளின் கதையான ‘தீபன்’ எங்கே என்று. 2015இல் தங்கப் பனையை வென்ற அந்தப் படத்தில், பாரிஸ் புறநகர் ஒன்றின் திரையில் தமிழ் ஒலித்ததைக் கேட்டு நானும் நெஞ்சு நிமிர்த்தினேன். இரண்டாம் தடவை பார்த்தபோது ஒன்று உறுத்தியது. எங்களுக்கு முகம் கிடைத்த அதே படத்தில், அந்தத் தொடர்மாடியில் பிறந்து வளர்ந்த இளைஞர்கள், ஒருவனைத் தவிர, முகமில்லாத அச்சுறுத்தலாகப் பின்னால் திரிகிறார்கள். அந்த ஓரிரு மணி நேரத்துக்கு நாங்களும் ‘லா ஹேன்’ படத்துத் தொலைக்காட்சி வண்டிக்குள் இருந்து பார்த்தோம். மோன்ஃபெர்மேயில் வளர்ந்த லாட்ஜ் லி 2019இல் எடுத்த ‘லே மிசெராப்ல்’ அந்த ஊரை உள்ளங்கையாக அறிந்த படம்; அதுவுங்கூடப் பெரும்பகுதி காவல் வண்டியின் கண்ணாடி வழியாகத்தான் அந்த ஊரைப் பார்க்கிறது.

சென்ற மாரியில், அம்மாவுடன் இருந்து ‘ஆந்த்ர் லே முயூர்’ படத்தை இன்னொரு தடவை பார்த்தேன். அம்மா பின்னலோடு உட்கார்ந்து அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். விசாரணைக் காட்சி வந்தது. பிரெஞ்சு தெரியாத சூலேமானின் தாய், தன் மகன் நல்லவன், வீட்டில் உதவி செய்கிறவன் என்று தன் மொழியில் சொல்கிறார். ஆசிரியர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, யாரை வெளியேற்றுவதா வேண்டாமா என்று விசாரிக்கிறார்களோ அவனே, தலை நிமிராமல், அதைப் பிரெஞ்சில் சொல்ல வேண்டியிருக்கிறது. அம்மாவின் கை நின்றது.

“அவன் தாய் சொல்லுறதை முழுக்கச் சொல்லேல்லை” என்றார்.

“உங்களுக்கு அந்தப் பாசை தெரியுமோ அம்மா?”

“பாசை ஏன்? முகத்தைப் பார்க்க விளங்குதுதானே.” சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னார்: “அண்டைக்கு அந்தக் கந்தோரிலை அவ எனக்கு ‘து’ போட்டுத்தான் கதைச்சவ. நான் குசினியிலை வேலை செய்தனான், ‘து’ எனக்குத் தெரியாதே? நீர் மாத்திச் சொன்னதும் எனக்குத் தெரியும்.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. திரையில் ஆசிரியர்கள் வாக்குச்சீட்டுகளை மடித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“பள்ளிக்கூடத்தாலை கலைச்சுப்போடுவினமோ அந்தப் பெடியனை?” என்று அம்மா கேட்டார்.

“ஓம்” என்றேன். “கலைச்சுப்போடுவினம்.”